கோலாலம்பூர் பத்து ரோடு டைலர் தைத்த கோட்டும் ஸ்கர்ட்டும்: விற்பதா, உடுத்துவதா, பெட்டியிலேயே வைப்பதா?

செந்தூல்_மலர்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் பெரியம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. செந்தூல் வீட்டைக் காலி செய்துவிட்டு ஈப்போவில் மகளோடு இருக்கப் போகிறார். அலமாரிக்கு மேலே இருந்த தகரப் பெட்டியை இறக்கினால் உள்ளே முழுக்கத் தைத்த உடுப்பு, ஒரு சேலைகூட இல்லை. “உனக்குத்தான் இந்தப் பழைய உடுப்புப் பைத்தியம் இருக்கே, கொண்டு போ” என்று என் தலையில் கட்டிவிட்டார்.

கரும்சாம்பல் நிறத்தில் கம்பளிக் கோட்டும் ஸ்கர்ட்டும், லண்டன் கடை லேபிளோடு. வெளிர் பச்சையில் இன்னொரு செட், உள்ளே ஒரு டைலர் லேபிள், “பத்து ரோடு, கோலாலம்பூர், சிலாங்கூர்” என்று. பினாங்கில் தைத்த ஒரு ஜாக்கெட், அதில் “பினாங்கு, மலாயா” என்று இருக்கிறது. அப்புறம் பென்சில் ஸ்கர்ட் இரண்டு, ஆரஞ்சு நிறத்தில் கனமான ஒரு நீள கவுன். கம்பளிச் செட்டை கிர்க்பியில் படிக்கும்போது வாங்கினேன் என்கிறார் பெரியம்மா. பச்சைச் செட்டில் லேசாகப் பூஞ்சணம். கம்பளியில் இரண்டு சின்ன ஓட்டை.

விற்கலாமா, நானே போடலாமா? எனக்குத் தோள் சரியாக இருக்கிறது, இடுப்புத்தான் இடிக்கிறது.

பண்டல்காரி

மலர், லேபிள் படம் போடுங்க. லண்டன் லேபிள் எது என்று தெரிந்தால்தான் விலை பேச முடியும். உண்மையைச் சொன்னால், லேபிள் இருக்கிறதுக்குத்தான் ஆள் வருவார்கள். உள்ளூர் டைலர் தைத்ததை நாடக உடுப்பு தேடுகிறவர்கள்தான் கேட்பார்கள், அதுவும் முப்பது நாற்பது வெள்ளிக்கு (ரிங்கிட்). நான் வாரக்கடைசியில் அம்கார்ப் மால் பழைய சாமான் சந்தையில் விரிக்கிறேன், பார்த்ததைச் சொல்கிறேன்.

ஆரஞ்சு கவுன் கிரிம்ப்ளீனாக இருக்கும், கனமான பாலியஸ்டர் துணி. கசக்கினாலும் சுருங்காது, போட்டால் வேர்த்துக் கொட்டும். அதற்கென்றே சில பேர் அலைகிறார்கள், 70-கள் விருந்து வைக்கிறவர்கள்.

பழம்பெட்டி

பண்டல்காரி சொல்வது சந்தைக்குச் சரி. ஆனால் எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல். லண்டன் கடையில் தொங்கிய கோட்டு ஆயிரக்கணக்கில் வந்தது, இன்றைக்கும் இணையத்தில் தேடினால் கிடைக்கும். பத்து ரோடு டைலர் ஒரு ஆசிரியையின் அளவுக்கு வெட்டிய பச்சைச் செட் உலகத்தில் அந்த ஒன்றுதான். இரண்டாவது இல்லை.

லேபிளை வைத்தே நிறையக் கண்டுபிடிக்கலாம் மலர். மலேசியா உருவானது 16 செப்டம்பர் 1963. “பினாங்கு, மலாயா” என்று அச்சடித்த லேபிள் அதற்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். பழைய லேபிள் கட்டை டைலர் தீர்கிறவரை தைத்திருப்பார், அதனால் ஓரிரு வருடம் தள்ளியும் வரலாம். அதேபோல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானது 1 பிப்ரவரி 1974. “கோலாலம்பூர், சிலாங்கூர்” என்றால் பெரும்பாலும் அதற்கு முன்னால். பத்து ரோடு என்ற பெயரும் போய் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் ஆகிவிட்டது. ஆனால் நம் ஆட்கள் வெகுகாலம் பத்து ரோடு என்றேதான் சொன்னார்கள், அதனால் பெயரை மட்டும் நம்ப வேண்டாம்.

கம்பளிக் கோட்டின் உள்பக்கத் தையலில் துணிச் சீட்டு வேறு ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். நூலைச் சுற்றி முறுக்கிய மாதிரி ஒரு சின்னம் இருந்தால் உடனே சொல்லுங்கள்.

ஜெலுத்தோங்_பையன்

கிர்க்பி என்றால் என்ன அக்கா? ஊரா?

பழம்பெட்டி

லிவர்பூல் பக்கத்தில் ஒரு ஊர். மலாயா ஆசிரியர்களுக்காகவே அங்கே ஒரு பயிற்சிக் கல்லூரி நடத்தினார்கள், 1952 முதல் 1962 வரை. வுல்வர்ஹாம்ப்டன் பக்கம் பிரின்ஸ்ஃபோர்ட் லாட்ஜ் என்று இன்னொன்று. மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் கப்பலேறிப் போனார்கள். இந்த வெயிலில் எதற்குக் கம்பளிக் கோட்டு என்று நாம் கேட்போமே, பினாங்கிலும் கோலாலம்பூரிலும் பழைய ஆசிரியர் வீட்டு அலமாரியில் அது இருப்பதற்கு ஒரு காரணம் அந்தக் கல்லூரிதான்.

செந்தூல்_மலர்

சின்னம் இருக்கிறது அக்கா! பக்கத் தையலில் வெள்ளைச் சீட்டு, கறுப்பில் அந்த முறுக்கு. ஏன் கேட்டீர்கள்?

பழம்பெட்டி

அது வூல்மார்க், அசல் கம்பளி என்பதற்கான சின்னம். 1964-ல்தான் அறிமுகமானது. கிர்க்பி கல்லூரி 1962-லேயே மூடிவிட்டார்கள். ஆகவே இந்தக் கோட்டை அங்கே படிக்கும்போது வாங்கியிருக்க முடியாது. பெரியம்மாவிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள், சண்டைக்குப் போகாதீர்கள்.

கத்தரி_சுல்தான்

வணக்கம். பினாங்கில் தையல் கடை வைத்திருந்தவன், இப்போது மகன் பார்க்கிறான். இடுப்பு இடிக்கிறது என்று மலர் எழுதியதால் வந்தேன்.

லேபிளை அப்புறம் பார்க்கலாம் அம்மா, முதலில் உடுப்பை உள்பக்கம் திருப்பு. ஸ்கர்ட்டின் பக்கத் தையலிலும் நடு முதுகுத் தையலிலும் உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறது என்று பார். அந்தக் காலத்தில் நாங்கள் ஒவ்வொரு பக்கமும் முக்கால் அங்குலமாவது, நல்ல வாடிக்கையாளர் என்றால் ஒரு அங்குலம்கூட விடுவோம். கலியாணம் ஆகும், பிள்ளை பிறக்கும், அதே உடுப்பு திரும்ப வரும் என்று தெரியும். இப்போது கடையில் வாங்குகிற உடுப்பில் உள்ளே ஓவர்லாக் அடித்துக் கால் அங்குலம் இருந்தாலே பெரிது. இரண்டு பக்கமும் அரை அங்குலம் பிரித்து விட்டால் முன்னும் பின்னுமாகச் சுற்றளவில் இரண்டு அங்குலம் கிடைக்கும். டார்ட்டையும் (இடுப்பில் குறுக்கித் தைத்த மடிப்பு) கொஞ்சம் தளர்த்தினால் இன்னும் அரை.

ஆனால் ஒன்று. பிரித்தால் பழைய தையல் கோடு தெரியும். வெளியில் வெளுத்து உள்ளே நிறம் அப்படியே இருக்கும், இரண்டும் பக்கத்தில் வந்தால் பட்டை அடித்த மாதிரி இருக்கும். அதனால் முதலில் ஓரத்தில் இரண்டு அங்குல நீளம் மட்டும் பிரித்து, ஈரத் துணி வைத்து ஆவியில் இஸ்திரி போட்டுப் பார். கோடு போனால் மீதியைப் பிரி. கம்பளியில் பெரும்பாலும் போய்விடும். டெட்ரானில் (பாலியஸ்டர் துணி) போகாது.

தோள் சரியாக இருக்கிறது என்றாயே, அது பெரிய அதிர்ஷ்டம். இடுப்பை எந்த டைலரும் சரி பண்ணுவான். தோளைத் தொட்டால் கையைக் கழற்ற வேண்டும், காலரைத் தூக்க வேண்டும், லைனிங்கைப் பிரிக்க வேண்டும். புதுக் கோட்டு தைப்பதே சுலபம்.

செந்தூல்_மலர்

நன்றி ஐயா. பச்சை ஸ்கர்ட்டில் முக்கால் அங்குலத்துக்கு மேலேயே இருக்கிறது! லண்டன் ஸ்கர்ட்டில் அவ்வளவு இல்லை.

கத்தரி_சுல்தான்

இருக்காது. அது தொழிற்சாலையில் வெட்டியது.

கோட்டையும் சோதித்துப் பார். முன்பக்கம் கடைசிப் பட்டனுக்குக் கீழே, வெளித்துணியை ஒரு விரலாலும் உள்துணியை இன்னொரு விரலாலும் பிடித்து இழு. நடுவில் மூன்றாவதாக ஒன்று தனியாக நழுவினால் அது கேன்வாஸ். குதிரை மயிர் கலந்த துணி, காலர் மடிப்பில் கையால் சின்னச் சின்னச் சாய்தையல் போட்டுப் பிடித்திருப்போம். அதனால்தான் மடிப்பு தட்டையாகக் கிடக்காமல் உருண்டு விழும். மூன்றாவது அடுக்கு தட்டுப்படாமல் முன்பக்கம் விறைப்பாக இருந்தால் ஃபியூசிங், பசையால் ஒட்டியது. சூடும் ஈரமும் பட்டால் பசை விட்டுக் கொப்பளம் கொப்பளமாக எழும்பும். அதற்கு வைத்தியம் இல்லை.

காஜாவையும் பார். பெண்கள் கோட்டில் நூலால் சுற்றாமல், துணியிலேயே இரண்டு உதடு வைத்துக் கட்டியிருந்தால் கைதேர்ந்த ஆள் வேலை. ஒரு காஜாவுக்கு அரை மணி நேரம் போகும்.

பண்டல்காரி

ஐயா சொல்வதை எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாங்க வருகிறவர் காஜாவைப் பார்க்கிறாரா? பத்துப் பேரில் ஒன்பது பேர் கழுத்து லேபிளைப் பார்த்துவிட்டுக் கைப்பேசியில் விலை தேடுகிறார்கள். கடை வாடகை நான்தானே கட்டுகிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீள ஸ்கர்ட்டை வெட்டிக் குட்டையாக்கினால் இளம்பெண்கள் உடனே எடுக்கிறார்கள். அதை வெட்டக் கூடாது என்று சிலர் சண்டைக்கு வருகிறார்கள். விற்காமல் கிடந்து பூஞ்சணம் பிடிப்பதைவிட அது மேல் இல்லையா?

பழம்பெட்டி

மேல் இல்லை. மடித்து அடித்தால் நாளைக்கு ஒருவர் பிரித்துக்கொள்வார், வெட்டியது வெட்டியதுதான். முப்பது வெள்ளிக்காக அந்தக் காரியம் செய்ய வேண்டுமா?

லேபிள் பார்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜப்பான், கொரியா மூட்டைகளோடு அமெரிக்க உடுப்பும் பண்டல் கடைகளில் (மூட்டையாக வரும் பழைய உடுப்பு விற்கும் கடைகள்) கலந்து வருகிறது. அதில் ஐ.எல்.ஜி.டபிள்யூ.யூ. என்று தொழிற்சங்கச் சீட்டு இருந்தால் பிரித்து எறியாதீர்கள். அமெரிக்காவின் மாதர் உடைத் தொழிலாளர் சங்கம் அது, 1995-ல் வேறொரு சங்கத்தோடு இணைந்துவிட்டது. ஆகவே சீட்டு இருந்தால் உடுப்பு அதற்கு முந்தியது. சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் இருந்தால் 1974-க்குப் பிந்தியது. இங்கிலாந்து உடுப்பில் ‘செயின்ட் மைக்கேல்’ லேபிள் அடிக்கடி கிடைக்கும், மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சரின் சொந்தப் பெயர், 2000-ல் கைவிட்டார்கள். கடைச் சீட்டில் விலை ஷில்லிங்கில் இருந்தால் பிப்ரவரி 1971-க்கு முன், அந்த மாதம்தான் அவர்கள் தசம நாணயத்துக்கு மாறினார்கள். உடுப்பின் அளவு எண் 14 என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இன்றைய 10 போலக்கூட இருக்கலாம்.

பெரிய டிசைனர் பெயர் போட்ட லேபிள் வந்தால் மட்டும் சந்தேகத்தோடு பாருங்கள். லேபிளைத் தைப்பது ஐந்து நிமிட வேலை. ஷனெல் ஜாக்கெட் என்றால் உள்ளே கீழ் விளிம்பில் துணி நேராக விழுவதற்குச் சங்கிலி வைத்திருப்பார்கள், லைனிங்கை வெளித்துணியோடு சேர்த்துத் தைத்திருப்பார்கள். சங்கிலியையும் போலி செய்கிறார்கள் என்பது வேறு கதை.

வழக்குமன்ற_வனிதா

நான் சேகரிப்பவளும் இல்லை, விற்பவளும் இல்லை. தினமும் போடுகிறவள். கோலாலம்பூரில் வழக்கறிஞர் வேலை.

வெயிலில் எப்படிப் போடுவது என்று எல்லாரும் கேட்கிறார்கள். வெயிலில் போடுவதில்லை, அவ்வளவுதான். அலுவலகத்திலும் எல்.ஆர்.டி. ரயிலிலும் ஏர்கான் குளிரில் நடுங்குகிறோம் இல்லையா, பழைய கம்பளி ஜாக்கெட் அங்கேதான் பயன்படுகிறது. செட்டாகப் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 60-களின் குட்டை ஜாக்கெட்டைக் கைத்தறிப் பருத்திச் சேலை மேல் போட்டுப் பாருங்கள். இடுப்புக்கு மேலேயே முடிவதால் கொசுவம் அழகாக வெளியே தெரியும். 80-கள் ஜாக்கெட் அதற்கு ஆகாது, நீளம் அதிகம், தோள் பட்டை வேறு.

தோள் பட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. உள்ளே ஸ்பாஞ்ச் பட்டை இருந்தால் தொட்டுப் பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் அது மக்கி மஞ்சள் தூளாக உதிரும், லைனிங் முழுக்க ஒட்டிக்கொள்ளும். வாங்கியதும் கழற்றிப் பஞ்சுப் பட்டை வைத்துவிடுவது நல்லது. அக்குளில் ஒரு பருத்தித் துண்டை டக் அடித்து (லேசாகத் தைத்து) வைத்தால் வியர்வை லைனிங்குக்குப் போகாது, கழற்றித் துவைக்கலாம்.

டிரை கிளீனிங் கொடுக்குமுன் பட்டன்களை நீங்களே அறுத்து எடுத்து வையுங்கள். ஒரு லாண்டரிக்கு, பெயர் வேண்டாம், என் அம்மாவின் நீலக் கோட்டைக் கொடுத்தேன். பட்டன் எல்லாம் இளகி லைனிங்கில் அப்பிக்கொண்டு வந்தது. கேட்டதற்கு “பழைய உடுப்பு, பொறுப்பில்லை” என்று ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார்கள்.

செந்தூல்_மலர்

சேலை மேல் ஜாக்கெட், நாளைக்கே! பூஞ்சணத்துக்கு என்ன செய்வது? பெட்டியில் அந்துருண்டை நிறைய கிடந்தது, வாடை போகவே இல்லை.

பழம்பெட்டி

வீட்டுக்குள் தட்டாதீர்கள். வாசலில், முகக்கவசம் போட்டு, மென்மையான பிரஷால் ஒரே பக்கமாகத் துடையுங்கள். பிறகு நிழலில் காற்றாட விடுங்கள். நல்ல வெயிலில் போட்டால் பச்சை வெளுத்துவிடும். கம்பளியில் ஓட்டை இருப்பதால் அதைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள், குளிர் மைனஸ் 18 டிகிரி செல்சியஸாவது இருக்க வேண்டும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விடுங்கள், இல்லாவிட்டால் உடுப்பின் மேலேயே நீர் கோத்துக்கொள்ளும். ஓட்டைகளுக்கு, கீழ் மடிப்பின் உள்ளிருந்து நூல் உருவி இழை ஓட்டலாம். சுல்தான் ஐயாவைக் கேளுங்கள்.

வைப்பதற்கு லாண்டரி பிளாஸ்டிக் உறை வேண்டவே வேண்டாம், உள்ளே வேர்க்கும். பழைய வேட்டியைத் துவைத்துப் பை தைத்து மாட்டுங்கள். நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். அதை 60-க்குக் கீழே வைத்தால் பூஞ்சணம் கிளம்பாது. கேமரா வைக்கிற உலர் பெட்டி சின்ன உடுப்புக்குப் போதும், பெரியதற்குக் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டிஹியூமிடிஃபையர்தான்.

ஜெலுத்தோங்_பையன்

எங்கள் பாட்டி வசம்பும் காய்ந்த வேப்பிலையும் போடுவார். அது போதாதா?

பழம்பெட்டி

போடலாம், ஆனால் துணியில் படாமல் தனிப் பையில் கட்டி. இலையின் கறை பட்டால் போகாது. பூச்சி ஏற்கெனவே இருந்தால் வசம்புக்கு எல்லாம் அடங்காது.

வழக்குமன்ற_வனிதா

அந்துருண்டை பற்றி யாரும் சொல்லவில்லையே. மலர், வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அந்தப் பெட்டியை உள்ளே கொண்டுவரவே வேண்டாம். நம் நாட்டில் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் நொதி) குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கிறார்களே, அந்தக் குறைபாடுள்ள குழந்தைக்கு அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன் வாடை பட்ட துணியே ஆபத்து. சிவப்பணு உடைந்து மஞ்சள் காமாலை வரும். விற்பதாக இருந்தாலும் வாடை முழுக்கப் போன பிறகு விற்கலாம். வாங்குகிறவர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

பண்டல்காரி

இது எனக்கே புதுசு. மூட்டை பிரிக்கும் இடத்தில் என் தங்கச்சி பிள்ளை விளையாடும். நாளையிலிருந்து அங்கே விட மாட்டேன்.

செந்தூல்_மலர்

பெரியம்மாவிடம் கேட்டேன். முதலில் “எனக்குத் தெரியாதா?” என்று கோபம். அப்புறம் பழைய ஆல்பத்தை எடுத்தார். கிர்க்பி படத்தில் அவர் போட்டிருப்பது வேறு கோட்டு, கட்டம் போட்டது, அது எங்கே போனது என்றே தெரியவில்லையாம். கரும்சாம்பல் கோட்டு அவர் தங்கையுடையது. சின்னம்மா 60-களின் கடைசியில் இங்கிலாந்தில் தாதிப் பயிற்சிக்குப் போனவர். திரும்பி வந்தபோது அக்காவுக்குக் கொடுத்திருக்கிறார். சின்னம்மா இப்போது இல்லை. பெரியம்மா கொஞ்ச நேரம் கோட்டை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அதனால் கோட்டு விற்பனைக்கு இல்லை.

பச்சைச் செட் எனக்கு. ஐயா, மகன் கடைக்கு அடுத்த மாதம் கொண்டு வரட்டுமா?

கத்தரி_சுல்தான்

கொண்டு வா. பூஞ்சணம் துடைத்த பிறகு கொண்டு வா. நானே பிரித்துத் தருகிறேன், அவனுக்குப் பழைய தையலைப் பிரிக்கப் பொறுமை கிடையாது. பிளேடு எடுக்காதே, ஊசியால் ஒவ்வொரு தையலாகத் தூக்க வேண்டும்.

சின்னம்மா பெயர், ஊர், வருடம் எல்லாம் ஒரு துணித் துண்டில் எழுதிக் கோட்டுப் பைக்குள் தைத்து வை. பேனா வேண்டாம், மை ஊறும். பென்சில்.

பழம்பெட்டி

பினாங்கு ஜாக்கெட்டை என்ன செய்யப் போகிறீர்கள்? விற்பதாக இருந்தால் நான் கேட்கிறேன். 150 வெள்ளி தருவேன், பூஞ்சணம் இருந்தாலும் சரி. பண்டல்காரி விலை கேட்டு நீங்கள் மனசு விட்டுவிடக் கூடாது.

பண்டல்காரி

பாருங்க, உள்ளூர் டைலர் உடுப்புக்கு ஆள் வந்துவிட்டார்! நான் தோற்றேன் என்று சொல்ல மாட்டேன், பழம்பெட்டி அக்கா மாதிரி ஊருக்கு ஒருவர்தான்.

மலர், தொடர்ந்து விற்பதாக எண்ணம் இருந்தால் எஸ்.எஸ்.எம்.மில் (மலேசிய நிறுவன ஆணையம்) பதிந்துவிடுங்கள், தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும். ஒன்றிரண்டு சொந்த உடுப்பு விற்பதென்றால் கரோசெல் விற்பனைத் தளம் போதும். எட்சி இணையச் சந்தையில் போட்டால் வெளிநாட்டு ஆட்கள் பார்ப்பார்கள், அங்கே 20 வருடத்துக்கு மேற்பட்டதைத்தான் விண்டேஜ் என்று போடலாம், உங்களுடையது எல்லாம் தாராளமாகத் தேறும். உடுப்பைத் தரையில் விரித்து அக்குளிலிருந்து அக்குள், இடுப்பு, தோள், கை நீளம் அளந்து போடுங்கள். கறை, ஓட்டை எல்லாவற்றையும் கிட்டத்தில் படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு சென் காசை வைத்து. மறைத்தால் சாமான் திரும்ப வரும், தபால் செலவு உங்கள் தலையில்.

ஜெலுத்தோங்_பையன்

வெளிநாட்டிலிருந்து வாங்குகிறவர்களும் கவனம். 500 வெள்ளிக்கு உட்பட்ட சாமானுக்கும் 1 ஜனவரி 2024 முதல் 10 சதவீத வரி உண்டு. மலிவு என்று ஒரு ட்வீட் ஜாக்கெட் எடுத்தேன், தபாலும் வரியும் சேர்ந்து ஜாக்கெட் விலையைத் தாண்டிவிட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் பினாங்கு லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையோடு சரி.

செந்தூல்_மலர்

பழம்பெட்டி அக்கா, ஜாக்கெட் உங்களுக்குத்தான். பெரியம்மா அதில் ஒன்று கேட்கச் சொன்னார், வெட்டக் கூடாதாம். வெட்ட மாட்டீர்கள் என்று சொல்லிவிட்டேன். பென்சில் ஸ்கர்ட் இரண்டும் வனிதா அக்கா அளவுக்கு இருக்கும் போலிருக்கிறது, இடுப்பு 26 அங்குலம், நீளம் 25, பின்னால் ஒரு மடிப்புத் திறப்பு, பக்கத்தில் உலோக ஜிப். ஒன்றில் ஜிப் இறுகிக் கிடக்கிறது.

வழக்குமன்ற_வனிதா

26 எனக்கு நடக்காது லா. உள்ளே எவ்வளவு விட்டிருக்கிறது, பார்த்துச் சொல்லு. ஜிப்பை இழுத்து மல்லுக்கட்டாதே, பற்கள் மேல் பென்சில் முனையால் தேய்த்துவிட்டு மெதுவாக அசைத்துப் பார்.

பண்டல்காரி

ஆரஞ்சு கவுன் யாரும் கேட்கவில்லை இல்லையா? அளவு போடுங்க மலர், என்னிடம் ஆள் இருக்கிறது. நீளத்தைத் தொட மாட்டேன், சத்தியம்.